இவாஞ்சலின் எடை உயர்வுக் குழுவின் ஆய்வுப் பயணம்

ஒரு நாகரிகத்தின் உயரத்தை அதன் கோபுரங்களை வைத்து அளப்பவர்கள் அவசரக்காரர்கள். அங்கே ஒரு கர்ப்பிணிக்கு எத்தனை பேர் ஆலோசனை சொல்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படி எண்ணினால், பரளச்சிக்கு இரண்டு மைல் கிழக்கே இருக்கும் எங்கள் ஊர் பாரிஸை எப்போதோ தாண்டிவிட்டது. பாரிஸைப் பற்றி மொழிபெயர்ப்பு நாவல்களில் நிறையப் படித்திருக்கிறேன். அங்கே கர்ப்பிணிகள் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏனென்று கேட்க நாதியில்லை. எங்கள் ஊரில் பனி பெய்யாது. மழையே யோசித்துத்தான் பெய்யும். ஆனால் எந்தக் கர்ப்பிணியையும் ஐந்து நிமிடம் தனியாக உட்கார விட்டதாகச் சரித்திரம் இல்லை.

இந்தப் பெருமைக்கு என் குடும்பம் ஆற்றிய தொண்டை வருங்காலத்துக்காகப் பதிவு செய்வது என் கடமை. நான் அருப்புக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளன். பதிவு செய்வதைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது என்பாள் என் மனைவி இவாஞ்சலின். அவள் எதையும் சுருக்கமாகச் சொல்பவள்.

உடம்பும் சுருக்கம்தான். கர்ப்பம் உறுதியான அன்று நாற்பத்தொரு கிலோ இருந்தாள். முதல் நான்கு மாதம் வாந்தி. ஐந்தாம் மாதம் வாந்தி நின்றது. எடை மட்டும் அசையவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் சுபத்ரா வீட்டுக்கே வந்து எடை பார்த்தார். நாற்பத்தொன்று அறுநூறு.

"அஞ்சு மாசத்துல அறுநூறு கிராமு. ஒரு கிலோ கத்திரிக்கா வெயிட்டுகூட ஏறலையே தாயி," என்றார் சுபத்ரா. பிறகு என் பக்கம் திரும்பினார். "புள்ள சின்னதா இருக்குன்னு ஸ்கேன்ல வந்திருக்கு சார். ஒழுங்கா எடைய ஏத்துங்க. இல்லேன்னா மதுரைக்கு எழுதிக் குடுத்துருவேன். அங்க போயி அட்மிட் ஆகித்தான் பாக்கணும்."

"ஏத்திருவோம் மேடம்," என்றேன், லாரியில் லோடு ஏற்றுபவனைப் போல.

"எனக்கு மதுரை வேண்டாங்க," என்றாள் இவாஞ்சலின். அவளுடைய அம்மாவை மூன்று வருடத்துக்கு முன் அப்படித்தான் மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஸ்கேன் படங்கள் மட்டும்தான் நல்லபடியாகத் திரும்பி வந்தன.

எனக்குப் பயம் வந்துவிட்டது. பயம் வந்தால் ஓர் இளநிலை உதவியாளன் என்ன செய்வானோ அதையே செய்தேன். கூட்டம் போட்டேன்.

'இவாஞ்சலின் எடை உயர்வு உயர்மட்டக் குழு' ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜெபத்துடன் தொடங்கிவைக்கப்பட்டது. தலைவர் என் அப்பா வேதநாயகம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். உணவுத் துறை என் அம்மா ஞானப்பூவிடம். எதிர்வீட்டுச் சந்தனம்மாள் சிறப்பு அழைப்பாளர். ஏழு பெற்றவர், ஆகவே நிபுணர். நான் செயலர். இவாஞ்சலின் 'பயனாளி'.

பயனாளி கூட்டத்தில் உட்காரவில்லை. பயனாளிகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு திட்டம் தீட்டும் வழக்கம் எந்த நிர்வாகத்திலும் கிடையாது. தவிர, டீ போட ஓர் ஆள் வேண்டுமே.

"ரெண்டு ஆளுக்குத் திங்கணும்," என்று விவாதத்தைத் தொடங்கினார் அம்மா.

"அய்யய்ய, அது ஆகாது," என்றார் சந்தனம்மாள். "ரொம்பத் தின்னா புள்ள பெருத்துரும். அப்புறம் கத்திதான். நானு ஏழையும் பழைய சோத்து நீச்சத்தண்ணியக் குடிச்சுத்தான் பெத்தேன்."

"அப்ப ஒன்றரை ஆளுக்கு," என்று தலைவர் சமரசம் செய்தார்.

தீர்மானம் எண் ஒன்று: பயனாளி ஒன்றரை ஆளுக்கு உண்ண வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. டீயும் உளுந்த வடையும் வந்தன. வடைத் தட்டைப் பிடித்தபடி இவாஞ்சலின் நின்றாள்.

"மாமா, நான் ஒன்னு சொல்லலாமா?"

"தாராளமாச் சொல்லலாம்த்தா. பயனாளிகள் கருத்துக் கேட்புக் கூட்டம்னு தனியா ஒன்னு போடுவோம். அதுல சொல்லு. ஏலே இம்மானு, குறிச்சுக்க."

குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பு வெகுகாலம் பத்திரமாக இருந்தது.

மறுநாள் ஒரு சுற்றறிக்கை எழுதி ஊர் வாட்ஸப் குழுவில் போட்டேன். 'நம் ஊர் மருமகள் ஒருவரின் எடை நிலவரம் கவலைக்கிடமாக உள்ளதால்' என்று அது தொடங்கும். முதல் வரியோடு நிறுத்திக்கொண்ட இரண்டு பேர் மாலையோடு வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் டீ கொடுத்தோம். முழுவதும் படித்தவர்கள் தூக்குச்சட்டியோடு வந்தார்கள். நாட்டுக்கோழி ரசம், உளுந்தங்களி, முருங்கைக்கீரைப் பொரியல், எள்ளுருண்டை, குதிரைவாலிப் பாயசம். வானம் பார்த்த எங்கள் பூமியில் இவ்வளவு விளைகிறது என்று வேளாண் அதிகாரிகளுக்கே தெரிந்திருக்காது. முதல் வாரம் மட்டும் பத்தொன்பது தூக்குச்சட்டி.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம், வந்த சட்டியை வெறுஞ்சட்டியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். கழுவித் துடைத்து, ஏதாவது பண்டம் செய்து போட்டுத்தான் கொடுப்போம். கொண்டுவந்தவரை டீ குடிக்காமல் படியிறங்க விட மாட்டோம். 'கொடுப்போம்', 'விட மாட்டோம்' என்று நான் பன்மையில் சொல்வது மரியாதைக்காக. கொடுத்தவள் ஒருத்தி.

"சந்தனம்மா சட்டியில நாலு பணியாரமாச்சும் சுட்டுப் போட்டுக் குடு ஆத்தா," என்பார் அம்மா. "வெறுஞ்சட்டியக் குடுத்துவிட்டா நாலு பேரு என்ன சொல்லுவாக? புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல வறுமையக் காட்டக் கூடாது."

"இப்பத்தானத்தை ஆறு சட்டிக்குச் சுட்டேன்."

"சுட்ட கையோட இதையும் சுட்டுரு. அடுப்பு சூடாத்தான இருக்கு?"

வந்த உணவை அப்படியே பயனாளியிடம் கொடுத்துவிடும் பொறுப்பற்ற குடும்பமல்ல எங்களுடையது. தரக்கட்டுப்பாடு இருந்தது. உப்புக் கூடினால் கால் வீங்கும் என்பதால் கோழி ரசத்தை அப்பா சோதித்தார். ஒரு கரண்டியில் உப்பு சரியாகத் தெரியாது. மூன்று கிண்ணம் தேவைப்பட்டது. உளுந்தங்களி என் பொறுப்பு. எள் சூடு என்பதால் எள்ளுருண்டைகளை அம்மா பறிமுதல் செய்து, அந்தச் சூட்டை முழுவதும் தானே தாங்கிக்கொண்டார்.

விருந்தாளிகள் கலைய மதியம் மூன்று ஆகும். அதன் பிறகு பயனாளி தட்டைப் போட்டு உட்காருவாள். எதிரே நாங்கள் உட்கார்ந்து அவள் விழுங்குவதைப் பார்ப்போம். கண்காணிப்பு இல்லாத திட்டம் எங்கே விளங்கியிருக்கிறது?

"ஏன்டி, கோழிய ஒதுக்கிட்ட?" என்று அம்மா கேட்டார் ஒருநாள்.

"காலையிலருந்து எண்ணெய்ச் சட்டி முன்னாடியே நின்னதுல வாடையே வயித்த அடைச்சிருச்சு அத்தை. கொஞ்சம் கம்மங்கூழும் ரெண்டு சுட்ட கருவாடும் இருந்தாப் போதும் எனக்கு. நேரத்துக்குச் சாப்பிட்டுட்டு செத்த நேரம் படுக்கணும்."

இந்தக் கோரிக்கையைக் குழு புறக்கணிக்கவில்லை. முறைப்படி எடுத்துக்கொண்டு, முறைப்படி நிராகரித்தது.

"ஹெட்மாஸ்டர் வீட்டு மருமக கூழு குடிக்கான்னு பேராகிரும்," என்றார் தலைவர்.

"பகல்ல படுத்தா புள்ள சோம்பேறியாப் பொறக்கும்," என்றார் நிபுணர், ஏனோ என்னைப் பார்த்தபடி. எங்கள் அம்மா பகலில் படுத்ததாக எனக்கு நினைவில்லை.

அறிவியலையும் நாங்கள் கைவிடவில்லை. அருப்புக்கோட்டையில் டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். கருவியின் துல்லியத்தைச் சோதிப்பதற்காக முதல் நாள் நாங்கள் எல்லோரும் ஏறி, அவரவர் எடையைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக் கையெழுத்திட்டோம். அந்தக் கையெழுத்து பிறகு எங்களுக்கே வினையாகும் என்று அப்போது தெரியாது. தினமும் காலை ஏழு மணிக்குப் பயனாளி தராசில் ஏறுவாள். தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வாசிப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே இரவில் முந்நூறு கிராம் ஏறியிருந்தது. அப்பா ஸ்தோத்திரம் சொன்னார். அம்மா கற்கண்டு வழங்கினார். நான் வாட்ஸப்பில் அறிவித்து, நாற்பத்தெட்டுக் கைகூப்பல்களைப் பெற்றேன்.

"இறங்கலாமாங்க? அடுப்புல சாம்பார் பொங்குது," என்றாள் இவாஞ்சலின். அப்போதுதான் அவள் கையில் இருந்த குழம்புக் கரண்டியைப் பார்த்தோம். அதைத் தனியாக நிறுத்துப் பார்த்தேன். முந்நூறு கிராம். வாட்ஸப் அறிவிப்பை மட்டும் நீக்கவில்லை. மக்கள் மனம் தளரக் கூடாது.

ஆறு வாரம் கழித்துச் சுபத்ரா வந்தார். நாற்பத்தொன்று தொள்ளாயிரம்.

சுபத்ரா அட்டையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். குறிப்பாக எங்கள் நடுப்பகுதிகளை, தேவைக்கு மேல் சில விநாடிகள் பார்த்தார். மேஜையில் இருந்த கூட்டக் குறிப்பேட்டைப் புரட்டினார்.

"சார், நீங்க ஏறுங்க."

"நானா? மேடம், கர்ப்பம் எனக்கில்ல…"

"எனக்கும் தெரியும். ஏறுங்க."

நான் ஐந்து கிலோ கூடியிருந்தேன். அப்பா நான்கு. அம்மா மூன்றரை. சந்தனம்மாள், அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்து தெருவைத் தாண்டி ஓடிவிட்டார்.

"பன்னெண்டரைக் கிலோ," என்று சுபத்ரா கூட்டிச் சொன்னார். "பரவால்லையே. புள்ளத்தாச்சி இருக்குற வீட்டுல எவ்வளவு ஏறணுமோ அவ்வளவும் கரெக்டா ஏறியிருக்கு. ஆளுதான் மாறிப்போச்சு."

இவாஞ்சலின் சிரித்தாள். அந்த ஆறு வாரத்தில் அவள் சிரித்ததாகக் குறிப்பேட்டில் வேறு பதிவு இல்லை.

"சிரிக்காத தாயி. மூணு வாரம் டைம் தாரேன். நாப்பத்து மூணரையத் தொட்டுரணும். தொடலைன்னா மதுரைதான். அப்புறம் நான் யாரு பேச்சையும் கேக்க மாட்டேன்."

சிரிப்பு நின்றது. அவள் கை வயிற்றின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மேடு அவ்வளவாக இல்லாத வயிறு. நான் அதைப் பார்க்காமல் அவசரக் கூட்டத்துக்கான அழைப்பாணையை எழுதத் தொடங்கினேன்.

அவசரக் கூட்டத்தில் அம்மா ஒரு முக்கியத் தகவலை முன்வைத்தார். காரியாபட்டியில் இருக்கும் அவருடைய தங்கை சௌந்தரத்தின் மருமகள் எட்டு மாதத்தில் பதினாலு கிலோ ஏறியிருக்கிறாளாம்.

"பதினாலா? எப்பிடி?" என்று நாற்காலியின் நுனிக்கு வந்தார் தலைவர்.

"அதான தெரியல. போன்ல கேட்டா, ஒன்னும் செய்யலக்கான்னு சொல்றா. ரகசியத்த விடுவாளா அவ?"

"அப்ப நேருல போயி ஆய்வு பண்ணிருவோம்."

தலைவர், உணவுத் துறை, செயலர் ஆகியோர் கொண்ட மூவர் குழு ஒருநாள் பயணமாகக் காரியாபட்டி சென்று வருவதென முடிவாயிற்று. பஸ் குலுக்கும் என்பதால் பயனாளி சேர்க்கப்படவில்லை. அடுத்த வீட்டுச் சர்புன்னிசா துணைக்கு இருப்பதாகச் சொன்னாள். கணவர் கத்தாரில், அதிகம் பேசாதவள், குழுவில் சேரச் சொன்னபோதும் மறுத்தவள். அதனால் அவளை நாங்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை.

கிளம்புமுன் நிர்வாக ஒழுங்குக்காக வாசல் கேட்டில் ஓர் அறிவிப்பு ஒட்டினேன்: 'குழு ஆய்வுப் பயணத்தில் உள்ளது. உணவு வகைகளைப் பெற்றுக்கொள்ளப் பொறுப்பான அலுவலர் எவரும் இல்லை. குழு திரும்பும்வரை பொதுமக்கள் தூக்குச்சட்டியுடன் வர வேண்டாம். இப்படிக்கு, செயலர்.'

காரியாபட்டியில் சௌந்தரம் சித்தி ஆட்டுக்கறிக் குழம்போடு வரவேற்றார். ஆய்வு உடனே தொடங்கியது. நான் எழுதிய குறிப்பை அப்படியே தருகிறேன்: 'மருமகள் கட்டிலில் படுத்திருந்தார். எழுந்ததும் சாப்பிட்டார். சாப்பிட்டதும் படுத்தார். மாமியார் சமைத்தார். மகன் பாத்திரம் கழுவினான். எடை உயர்வுக்கான விசேஷக் காரணம் எதுவும் தென்படவில்லை. ஊர்த் தண்ணீராக இருக்கலாம் என்று தலைவர் கருதுகிறார்.' ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டோம்.

திரும்பும் நேரத்தில், அதே தண்ணீர் சிந்திக் கிடந்த குளியலறையில் தலைவர் வழுக்கி விழுந்தார். கணுக்காலில் கட்டு. மூன்று வாரம் அசையக் கூடாது என்றார் டாக்டர். தலைவர் இருக்கும் இடமே தலைமையகம் என்பதால், தலைமையகம் காரியாபட்டிக்கு மாற்றப்பட்டது. அவரைக் கவனிக்க அம்மா. அம்மாவைக் கவனிக்க நான். அலுவலகத்துக்கு அங்கிருந்தே பஸ்ஸில் போய் வந்தேன்.

"நான் மட்டும் ஊருக்கு வந்துறவா?" என்று இவாஞ்சலினிடம் போனில் கேட்டேன்.

"வேண்டாங்க. மாமாவுக்கு நீங்கதான் வேணும். நல்லா இருந்து கவனிச்சிட்டு வாங்க." அவள் குரலில் அவ்வளவு கனிவை நான் திருமணத்தன்றுகூடக் கேட்டதில்லை.

தினமும் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசிக் கண்காணிப்பு நடந்தது.

"இன்னைக்கு எடை என்ன?"

"தராசுல பேட்டரி தீந்துருச்சுங்க."

"நேத்தே சொன்னியே, வாங்கலையா?"

"பரளச்சிக் கடையில இல்லையாம்."

"என்ன சத்தம் அது? எதையோ மெல்லுற?"

"கடலைங்க. சர்புன்னிசாக்கா அவிச்சாக. சரி வைக்கிறேன், தூக்கமா வருது."

மணி ஆறு ஐந்து. வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மடியில் நாவலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை மூன்று வாரமும் பார்த்தேன். எடை தெரியாமல் எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. யாரிடம் போய்ச் சொல்வது? குழுவில் அதற்குத் துறை இல்லை.

இருபத்தோராம் நாள் தலைவரை ஆட்டோவில் சாய்த்துவைத்து ஊர் திரும்பினோம். அறிவிப்பு கேட்டிலேயே இருந்தது. யாரோ என் கையெழுத்துக்குக் கீழே 'நன்றி' என்று எழுதியிருந்தார்கள். எழுத்து இவாஞ்சலினுடையது போல இருந்தது.

உள்ளே சுபத்ரா வந்து உட்கார்ந்திருந்தார். இவாஞ்சலின் நாற்காலியில் இருந்தாள். கையில் கூழ்க் கிண்ணம், தட்டில் சுட்ட கருவாடு. எங்களைப் பார்த்து, "வாங்க மாமா, வாங்க அத்தை," என்றாள். எழுந்திருக்கவில்லை. அருகில் சர்புன்னிசா முட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்து மூணு எண்ணூறு," என்றார் சுபத்ரா. "நேத்து ஸ்கேனும் எடுத்தாச்சு. புள்ள நல்லா வந்திருக்கு. மதுரை வேண்டாம். இங்கனயே பாத்துக்கலாம்."

நான் தராசைத் திருப்பிப் பார்த்தேன். பேட்டரி உள்ளேதான் இருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தேன். இவாஞ்சலின் ஒரு துண்டு கருவாட்டை என் கையில் வைத்தாள். "மதுரை இல்லைங்க," என்றாள்.

"ஆய்வுப் பயணம் மகத்தான வெற்றி!" என்று கட்டுப் போட்ட காலை நீட்டியபடி முழங்கினார் தலைவர். எங்கிருந்தோ மோப்பம் பிடித்துச் சந்தனம்மாளும் வந்துவிட்டார்.

"நம்ம குழுவப் பத்தி ஒரு நற்சான்று எழுதிக் குடுங்கம்மா," என்று சுபத்ராவிடம் கேட்டார் அப்பா. "சபைப் பத்திரிகைக்கு அனுப்பணும். நாளைக்கு நாலு குடும்பத்துக்கு வழிகாட்டியா இருக்கும்ல?"

"கண்டிப்பா இருக்கும் சார்," என்றார் சுபத்ரா. குறிப்பேட்டை வாங்கி, மளமளவென்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். அப்பாவின் கண்ணாடி காரியாபட்டியிலேயே தங்கிவிட்டதால், "ஏலே, சத்தமா வாசி. எல்லாருக்கும் கேக்கட்டும்," என்றார்.

எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்:

"பயனாளிக்கு எடை ஏறாத நாட்கள்: குழு ஊரில் இருந்த நாட்கள் அனைத்தும். எடை ஏறிய நாட்கள்: குழு ஊரில் இல்லாத நாட்கள் அனைத்தும். பரிந்துரை: தேவைப்பட்டால் தலைவரின் இன்னொரு காலுக்கும் கட்டுப் போடலாம்."

தலைவர் கட்டுப் போட்ட காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் இப்படிப்பட்ட நேரத்தில் டீ வரும். அன்று வரவில்லை. போடுகிறவள் உட்கார்ந்திருந்தாள்.

நான் அடுப்படிக்குள் போனேன். பிறந்ததிலிருந்து இருக்கும் வீடு. ஒரு நாளைக்கு நான்கு டீ குடிக்கும் வீடு. சீனி டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

"மேல்தட்டுல, கருப்பட்டி டப்பாவுக்குப் பின்னாடி," கூடத்திலிருந்து இவாஞ்சலின் குரல் வந்தது. "அப்பிடியே அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் இன்னைக்கே வச்சுக்குவோங்க, செயலாளரே. நான் சாப்பிட்டு முடிச்சிட்டுப் பேசுறேன். அதுவரைக்கும் யாரும் எந்திரிக்க வேண்டாம்."

அவள் மெதுவாகத்தான் சாப்பிட்டாள். இரண்டாவது கிண்ணமும் வாங்கிக்கொண்டு, ஒன்றரை ஆளுக்குச் சாப்பிட்டாள். தீர்மானம் எண் ஒன்று அமலுக்கு வர, அதைப் போட்டவர்கள் ஒரே ஒரு நாள் பசியோடு காத்திருந்தால் போதுமாக இருந்தது.